கண்ணுக்கு ஒன்று, கைக்கு ஒன்று: பல தள மென்பொருள்களின் இடைமுக முரண்கள் பற்றிய ஆய்வு

1. சிக்கல் எது

ஒரு மென்பொருளை ஒருமுறை எழுதி விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூன்றிலும் ஓட்டுவது இன்று வழக்கமாகிவிட்டது. லிப்ரேஆபீஸ், ஃபயர்ஃபாக்ஸ், கிம்ப், விஎஸ் கோட் என்று நாள்தோறும் நாம் திறக்கும் செயலிகளில் பெரும்பகுதி இவ்வகைதான். எழுதுபவர்களுக்கு உழைப்பு மிச்சம். பயன்படுத்துபவர்களுக்குக் கணினி மாறினாலும் கருவி கூடவே வருகிறது. இந்த நன்மையை யாரும் மறுக்கப்போவதில்லை. ஆனால் இவற்றோடு நாள் முழுக்க வேலை செய்கிறவர்களிடம் கேட்டால் ஒரே குறையைத்தான் பலவிதமாகச் சொல்வார்கள்: பார்க்க எல்லாம் சரியாக இருக்கிறது, கை வைத்தால் வேறு மாதிரி நடக்கிறது.

இக்குறைக்கு மென்பொருள் எழுதுவோர் வழக்கமாகத் தரும் மருந்து தோற்றத்தைத் திருத்துவது. பொத்தானின் மூலைகளை வளைக்கிறார்கள், எழுத்துருவை மாற்றுகிறார்கள், அந்தந்தத் தளத்தின் வண்ணத்தை ஏற்றுகிறார்கள். நோய் அங்கே இல்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். ஓர் இடைமுகத்தில் மூன்று அடுக்குகள் உண்டு. முதலாவது தோற்றம், அதைக் கண் பார்க்கிறது. இரண்டாவது இட அமைப்பு. எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்பதைக் கையும் கண்ணும் சேர்ந்து நினைவில் வைக்கின்றன. மூன்றாவது நடத்தை, ஒரு விசையை அழுத்தினால் என்ன நடக்கும் என்பதை விரல் மட்டுமே அறியும். தோற்றம் வேறுபட்டால் ஓரிரு நாளில் கண் பழகிவிடும். நடத்தை வேறுபட்டால், பல ஆண்டுப் பழக்கம் ஒவ்வொரு முறையும் தடுக்கி விழும். ஆகவே பல தள மென்பொருளின் ஒருமைப்பாட்டை நடத்தையில் தொடங்கித்தான் அளக்கவேண்டும்.

2. மூன்று மரபுகள்

இன்றைய முரண்கள் ஒரே நாளில் முளைத்தவை அல்ல. மூன்று தனித்தனி மரபுகள் ஏறத்தாழ ஒரே காலத்தில் வளர்ந்தன.

வெட்டு, நகலெடு, ஒட்டு என்ற செயல்களை 1970-களின் நடுவில் செராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் ஜிப்சி என்ற எழுத்துச் செயலிக்காக லாரி டெஸ்லரும் டிம் மாட்டும் உருவாக்கினார்கள். டெஸ்லர் பின்னர் ஆப்பிளுக்குச் சென்றார். அங்கே லிசாவிலும் 1984-இல் வந்த மேக்கிண்டாஷிலும் இசட், எக்ஸ், சி, வி என்ற நான்கு அடுத்தடுத்த விசைகள் ‘செயல்தவிர்’ என்பதற்கும் இம்மூன்று செயல்களுக்கும் ஒதுக்கப்பட்டன. கமாண்ட் என்ற தனி விசை அவற்றோடு சேர்ந்து இயங்கியது. ஐபிஎம் 1987-இல் தன் பொதுப் பயனர் அணுகல் நெறியை வெளியிட்டபோது வேறு விசைகளைத் தேர்ந்தது: வெட்ட ஷிஃப்ட்–டெலீட், நகலெடுக்க கன்ட்ரோல்–இன்சர்ட், ஒட்ட ஷிஃப்ட்–இன்சர்ட். தொடக்க கால விண்டோஸ் இதைப் பின்பற்றியது. பிறகு மேக்கின் நான்கு எழுத்துகளையும் எடுத்துக்கொண்டு கமாண்ட் விசைக்குப் பதில் கன்ட்ரோலை வைத்தது. பழைய ஐபிஎம் விசைகள் இன்றும் விண்டோஸில் வேலை செய்கின்றன. சாளரத்தை மூடும் ஆல்ட்–எஃப்4 அதே நெறியின் எச்சம்தான்.

யூனிக்ஸ் உலகம் இன்னொரு திசையில் போனது. எம்ஐடியில் 1984-இல் தொடங்கிய எக்ஸ் சாளர முறைமையில் ஓர் உரையைத் தேர்ந்தெடுத்தாலே அது ஒட்டுவதற்குத் தயாராகிவிடும். மவுஸின் நடுப் பொத்தானை அழுத்தினால் அங்கே விழும். பின்னாளில் கன்ட்ரோல்–சி முறையும் வந்து சேர்ந்ததால் லினக்ஸில் இரண்டு நகல் இடங்கள் அருகருகே நிலைத்துவிட்டன. முனையத்தில் வேலை செய்கிறவர்கள் இந்த இரட்டை வசதியைக் கண்ணைப்போல் காக்கிறார்கள். அதற்கு நியாயமும் உண்டு.

ஒவ்வொரு மரபும் உள்ளுக்குள் ஒழுங்கானது. ஒன்றில் வளர்ந்தவர் அதன் விதிகளை விதிகள் என்றே உணர்வதில்லை. ஒரு மரபுக்குள் எழுதப்பட்ட செயலி இன்னொன்றுக்குள் நுழையும்போதுதான் அவை வெளியே தெரிகின்றன.

3. முரண்கள் வெளிப்படும் இடங்கள்

3.1 உரைப் பெட்டி

கணினியில் நாம் அதிகம் தொடும் பொருள் உரைப் பெட்டி. தேடல் கட்டம், கோப்பின் பெயர் கேட்கும் கட்டம், முழுப் பக்க எழுத்துச் செயலி எல்லாம் அதுதான். மூன்று தளங்களிலும் அது ஒன்றுபோலவே தோன்றும். உள்ளே விதிகள் வேறு.

ஒரு சொல்லை இருமுறை சொடுக்கிப் பாருங்கள். விண்டோஸ் மரபில் சொல்லோடு அதற்குப் பின்னுள்ள இடைவெளியும் சேர்ந்து தேர்வாகும். மேக்கிலும் லினக்ஸிலும் சொல் மட்டும் தேர்வாகும். விண்டோஸில் பழகியவர் சொல்லை மாற்றும்போது புதிய சொல்லையும் ஓர் இடைவெளியையும் சேர்த்தே தட்டுவார். அவர் வேறு தளத்தில் உட்கார்ந்தால் வரி முழுவதும் இரட்டை இடைவெளிகள் விழும். மேக்கில் பழகியவர் விண்டோஸுக்கு வந்தால் இரண்டு சொற்கள் ஒட்டிக்கொள்ளும். கன்ட்ரோலையும் வல அம்பையும் சேர்த்து அழுத்தினால் விண்டோஸில் குறிமுள் அடுத்த சொல்லின் தொடக்கத்தில் நிற்கும்; லினக்ஸில் ஜிடிகே கருவித்தொகுப்பு வரையும் பெட்டிகளில் நடப்புச் சொல்லின் முடிவில் நிற்கும். மேக்கில் இதே வேலைக்கு ஆப்ஷன் விசை. கன்ட்ரோலும் அம்பும் அங்கே மேசைத்திரையையே மாற்றிவிடும்.

ஹோம் விசை இன்னும் தெளிவான சான்று. விண்டோஸிலும் லினக்ஸிலும் அது வரியின் தொடக்கத்துக்குப் போகும். மேக்கின் சொந்த உரைப் பெட்டிகளில் அது ஆவணத்தின் உச்சியைக் காட்டும்; குறிமுள் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆனால் மேக்கில் ஓடும் விஎஸ் கோட் ஹோம் விசையை வரியின் தொடக்கத்துக்கே வைத்திருக்கிறது. எனவே ஒரே கணினியில், ஒரே விசைப்பலகையில், ஒரே விசை இரண்டு சாளரங்களில் இரண்டு வேலை செய்கிறது. நிரலாளர்களில் பலர் விண்டோஸிலிருந்து வந்தவர்கள் என்பதால் இது அவர்களுக்கு உகந்த முடிவாக இருக்கலாம். மேக்கில் வளர்ந்தவருக்கோ ஒவ்வொரு முறையும் எந்தச் சாளரத்தில் இருக்கிறோம் என்று யோசிக்க நேர்கிறது. எழுத்தில் ஆழ்ந்திருக்கும் மனத்தை அந்த யோசனை வெளியே இழுக்கிறது. இழப்பு சில நொடிகள்தான் என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. அறுந்த எண்ணத்தை மறுபடி பிடிக்க ஆகும் நேரமும் கணக்கில் வரவேண்டும்.

மேக்கின் உரைப் பெட்டிகளில் கன்ட்ரோல்–ஏ வரியின் தொடக்கத்துக்கும், கன்ட்ரோல்–இ முடிவுக்கும் போகும். கன்ட்ரோல்–கே வரியின் எஞ்சிய பகுதியை வெட்டும். ஈமேக்ஸ் என்ற பழைய திருத்தியின் மரபிலிருந்து வந்த இவ்விசைகள் ஆப்பிளின் உரை அமைப்பைப் பயன்படுத்தும் எல்லாச் செயலிகளிலும் இலவசமாகக் கிடைக்கின்றன. தன் பெட்டியைத் தானே வரைந்துகொள்ளும் செயலி, யாராவது நினைவுவைத்து எழுதினால் ஒழிய, இவற்றை இழந்துவிடும்.

3.2 கேள்வி கேட்கும் பெட்டி

‘மாற்றங்களைச் சேமிக்கவா?’ என்ற பெட்டியைப் பார்க்காத பயனர் இல்லை. விண்டோஸில் பொத்தான்கள் இடமிருந்து வலமாக ‘சேமி’, ‘சேமிக்காதே’, ‘ரத்து’ என்று வரும். லினக்ஸின் மேசைச்சூழல்களில் ஒன்றான கேடிஇயும் ஏறத்தாழ அதே வரிசை. மேக் நெடுங்காலமாக ‘சேமி’ பொத்தானை வலக் கோடியில் வைத்து, ‘சேமிக்காதே’ பொத்தானை இடப்பக்கம் தள்ளி வைத்தது. லினக்ஸின் இன்னொரு மேசைச்சூழலான க்னோம் 2002-இல் தன் இரண்டாம் பதிப்போடு மேக்கின் வழியை எடுத்துக்கொண்டது.

இரண்டு வரிசைகளுக்கும் தனித்தனி நியாயம் உண்டு. எது மேல் என்ற விவாதத்தில் இறங்கவேண்டியதில்லை. கவனிக்கவேண்டியது தவறு எந்தப் பக்கம் சாய்கிறது என்பது. க்னோமில் பழகியவர் விண்டோஸ் வரிசையில் வலக் கோடியை அழுத்தினால் அங்கே ‘ரத்து’ இருக்கும். எதுவும் கெடாது, பெட்டி மூடும், மறுபடி முயலலாம். விண்டோஸில் பழகியவர் க்னோம் வரிசையில் இடக் கோடியை அழுத்தினால் அங்கே ‘சேமிக்காமல் மூடு’ இருக்கும். மாலைவரை எழுதியது போய்விடும். ஒரே முரண், ஒரு பக்கம் சிறு தடங்கல், மறுபக்கம் இழப்பு. நிரலாளர்கள் பொத்தான் வரிசையை அலங்காரமாக நினைப்பதற்கு எதிராக இதைவிட வலுவான சான்று எனக்குத் தெரியாது.

செயலிகளுக்குப் பொத்தான், பெட்டி போன்ற உறுப்புகளைத் தரும் க்யூட்டி கருவித்தொகுப்பு 2006-இல் தன் 4.2 பதிப்பில் இதற்கென்றே ஒரு பொத்தான் பெட்டியைத் தந்தது. நிரலாளர் ‘இது ஏற்புப் பொத்தான், இது மறுப்புப் பொத்தான்’ என்று பொருளை மட்டும் சொன்னால் போதும். விண்டோஸ், மேக், கேடிஇ, க்னோம் ஆகியவற்றில் எது நடப்பில் இருக்கிறதோ அதற்கேற்ப வரிசையை அது அமைக்கும். டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸ் தொகுப்பிலும் இத்தகைய வசதி உண்டு. ஜிடிகே தொகுப்பு எதிர்த்திசையில் நடந்தது. மாற்று வரிசைக்கு அதில் இருந்த வழி 3.10 பதிப்பில் கைவிடப்பட்டதாக அறிவிக்கப்பட்டு, நான்காம் பதிப்பில் இல்லாமலே போயிற்று. இதனால் ஜிடிகே செயலி விண்டோஸில் ஓடினாலும் க்னோமின் வரிசையையே காட்டுகிறது. இது ஒரு தளத்தின் நலனுக்காக மற்றத் தளங்களின் பயனரைக் கைவிட்ட முடிவு என்பதே என் மதிப்பீடு.

3.3 கோப்புப் பெட்டி, பட்டி, சாளரம்

கோப்பைத் திறக்கும் பெட்டியில் ஓர் எழுத்தைத் தட்டினால் விண்டோஸில் அந்த எழுத்தில் தொடங்கும் கோப்புக்குத் தேர்வு தாவும். ஜிடிகே பெட்டியில் தேடல் தொடங்கி, உட்கோப்புறைகளில் இருப்பதெல்லாம் பட்டியலில் வந்து குவியும். கேடிஇ சூழலில் ஓடும் ஃபயர்ஃபாக்ஸ் இயல்பாக ஜிடிகே பெட்டியைத்தான் திறந்துவந்தது. மற்றச் செயலிகளெல்லாம் கேடிஇ பெட்டியைத் திறக்கும்போது இது மட்டும் வேறு. இதைச் சரிசெய்ய ‘போர்ட்டல்’ என்ற இடைநிலை உதவுகிறது. செயலி ‘ஒரு கோப்பு வேண்டும்’ என்று மட்டும் கேட்கும். பெட்டியைச் சூழலே திறந்து கோப்பைத் தரும். பிறவற்றுக்கும் முன்மாதிரியாகக் கொள்ளத்தக்க தீர்வு இது.

மேக்கில் கடைசிச் சாளரத்தை மூடினாலும் செயலி ஓடிக்கொண்டிருக்கும். விண்டோஸில் செயலியே மூடிவிடும். அமைப்புகள் பக்கம் ஃபயர்ஃபாக்ஸில் பல ஆண்டுகள் விண்டோஸுக்குக் ‘கருவிகள்’ பட்டியிலும், லினக்ஸுக்குத் ‘தொகு’ பட்டியிலும், மேக்குக்குச் செயலியின் பெயர் தாங்கிய பட்டியிலும் இருந்தது. தொலைபேசியில் ஒருவருக்கு வழிசொல்ல முயன்றவர்களுக்கு இதன் தொல்லை தெரியும். இருந்தாலும் இவை அறிந்து பழகக்கூடியவை. விரலைத் தடுக்கும் வகையைச் சேர்ந்தவை அல்ல.

4. கருவித்தொகுப்புகள் எடுத்த வழிகள்

முரண்களின் உடனடிக் காரணம் கருவித்தொகுப்புகளில் இருக்கிறது. பல தளங்களுக்கு எழுத மூன்று வழிகள் முயலப்பட்டிருக்கின்றன.

முதல் வழி, தளத்தின் சொந்த உறுப்புகளையே கேட்டு வாங்குவது. 1996-இல் ஜாவாவோடு வந்த ஏடபிள்யூடி இதைச் செய்தது. எல்லாத் தளங்களுக்கும் பொதுவாக உள்ளவற்றை மட்டுமே தர முடிந்ததால் அதன் உறுப்புகள் மிகக் குறைவு. 1992-இல் எடின்பரோவில் ஜூலியன் ஸ்மார்ட் தொடங்கிய டபிள்யூஎக்ஸ் தொகுப்பும், ஐபிஎம் எக்லிப்ஸ் என்ற நிரலாக்கச் சூழலுக்காக உருவாக்கிய எஸ்டபிள்யூடியும் அதே வழியில் இன்னும் நிறைவாகச் சென்றன. உரைப் பெட்டி அந்தத் தளத்துடையதாகவே இருப்பதால் விரல் பழக்கங்கள் பெரும்பாலும் தப்பிப் பிழைக்கின்றன.

இரண்டாம் வழி, எல்லாவற்றையும் தானே வரைந்துகொள்வது. 1998-இல் ஜாவாவின் ஸ்விங் இப்படி வந்தது. 1995 முதல் வெளியாகும், நார்வேயில் தொடங்கிய க்யூட்டியும் இதே வகை. ஆனால் தளத்தின் தோற்றத்தையும், மேலே கண்டதுபோல் அதன் வழக்கங்களையும் பாவிக்க அது நிறைய உழைத்திருக்கிறது. மேக்கில் அது நிரலாளரின் கன்ட்ரோல் விசையைத் தானாகவே கமாண்ட் விசையாக மாற்றிக்கொள்கிறது. ‘அமைப்புகள்’, ‘விருப்பங்கள்’ போன்ற பெயருள்ள பட்டி உருப்படிகளைப் பெயரை வைத்தே ஊகித்து, மேக்கின் செயலிப் பட்டிக்கு நகர்த்துகிறது. பெரும்பாலும் சரியாக வரும் இந்த ஊகம் சில நேரம் வேறொரு பட்டியில் இருக்கவேண்டிய உருப்படியையும் தூக்கிக்கொண்டு போய்விடும். விண்டோஸில் சோதித்து மகிழ்ந்த நிரலாளருக்கு அது காணாமற்போனதே தெரியாது.

மூன்றாம் வழி, உலாவியையே அடித்தளமாக வைப்பது. கிட்ஹப் நிறுவனம் ஆட்டம் திருத்திக்காக 2013-இல் தொடங்கி 2015-இல் எலக்ட்ரான் என்று பெயர் மாற்றிய தொகுப்பு இதன் தலைமகன். இங்கே எதிர்பாராத ஓர் உண்மை உண்டு. எலக்ட்ரான் செயலிகள் தோற்றத்தில் எந்தத் தளத்தையும் சேர்ந்தவை அல்ல. ஆனால் அவற்றின் சாதாரண உரைப் பெட்டிகள் தளத்தின் விதிகளைப் பெரிதும் மதிக்கின்றன. எலக்ட்ரானின் அடித்தளமான குரோமியம் உலாவியை எழுதியவர்கள் ஒவ்வொரு தளத்துக்கும் திருத்தல் நடத்தையைத் தனித்தனியே வகுத்திருப்பதே காரணம். பட்டியல், மரம், பொத்தான் என்று நிரலாளர் தானே கட்டியவற்றில்தான் எல்லாம் கோணுகிறது. மேக்கில் ‘தொகு’ பட்டியை நிரலாளர் அமைக்க மறந்தால் கமாண்ட்–சி, கமாண்ட்–வி கூட வேலை செய்யாது. அங்கே அவ்விசைகள் பட்டி வழியாகவே இயங்குகின்றன.

லிப்ரேஆபீஸ் தனி வகை. அதன் உள்ளே விசிஎல் என்ற அடுக்கு இருக்கிறது. அது லினக்ஸில் ஜிடிகே வழியாகவும் ஓடும், க்யூட்டி வழியாகவும் ஓடும், இரண்டும் இல்லாமல் தன் சொந்தப் பெட்டிகளோடும் ஓடும். ஒரே கணினியில் ஒரே பதிப்பு, எந்த அடுக்கு ஏறியிருக்கிறது என்பதைப் பொறுத்து மூன்று விதமாக நடந்துகொள்ளும். ‘எனக்கு வருகிறது, உனக்கு ஏன் வரவில்லை’ என்ற விவாதங்களில் கணிசமானவை இதில் பிறந்தவை.

5. அரை ஒற்றுமையின் ஆபத்து

முற்றிலும் வேறுபட்ட ஒன்றை எதிர்கொள்ளும்போது மனம் எச்சரிக்கையாகிறது. முப்பரிமாணப் படங்களை உருவாக்கும் பிளெண்டரைத் திறக்கும் யாரும் அது தங்கள் கோப்பு மேலாளர்போல் நடக்கும் என்று எதிர்பார்ப்பதில்லை. புதிதாகக் கற்கவே உட்காருகிறார்கள். அச்சாகத் தன் தளத்தைப்போலத் தோன்றி, உள்ளே வேறாக நடக்கும் செயலியில்தான் ஏமாற்றம் பெரிது. இடப்பக்கக் கியர் வண்டியில் பழகியவர், வலப்பக்கம் கியர் வைத்த பழைய புல்லட்டில் ஏறினால், இரண்டும் பைக்தானே என்ற நம்பிக்கையில் பிரேக்கைத் தேடிக் கியரை மிதித்துவிடுவார். அதே வகைத் தவறுதான் இது.

வரலாற்றில் இதற்கு நன்கு பதிவான சான்று 1994-இல் மேக்குக்கு வந்த மைக்ரோசாஃப்ட் வேர்டு 6. விண்டோஸ் பதிப்போடு பொதுவான நிரலிலிருந்து அது கட்டப்பட்டது. வசதிகளில் இரண்டு தளங்களும் சமம் ஆயின. நிறுவனத்தின் பார்வையில் அது வெற்றி. மேக் பயனர்கள் அதை வெறுத்தார்கள். மெதுவாக இருந்தது ஒரு காரணம். விண்டோஸ் செயலி மேக் வேடம் போட்டு வந்ததுபோல் நடந்துகொண்டது இன்னொரு காரணம். பலர் முந்தைய 5.1 பதிப்பை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். 1998-இல் மேக்குக்கென்றே சிந்தித்து எழுதிய பதிப்பு வந்த பிறகுதான் கசப்பு குறைந்தது. ஒரே நிரல் என்பது உற்பத்தி செய்பவரின் வசதி. அதைப் பயனரின் வசதியாகக் கணக்கெழுதியதில் இருந்தது பிழை.

6. தமிழ் உள்ளீடு: அதே சிக்கலின் கூர்மையான வடிவம்

ஆங்கிலத்தில் ஒரு விசை ஓர் எழுத்து. அதனால் தன் உரைப் பெட்டியைத் தானே வரையும் செயலியின் குறைகள் ஆங்கிலப் பயனருக்கு அரைகுறையாகத்தான் தெரியும். தமிழில் தட்டுபவருக்கு அவை முதல் சொல்லிலேயே தெரிந்துவிடும்.

1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையை எடுத்துக்கொள்வோம். அதில் க விசையை இருமுறை தட்டினால் ‘கக’ என்று வராமல் ‘க்க’ என்று வரவேண்டும்; ந-வை அடுத்து த தட்டினால் புள்ளி தானாக விழுந்து ‘ந்த’ என்று வரவேண்டும். இதற்கு உள்ளீட்டு மென்பொருள் குறிமுள்ளுக்கு முன்னால் என்ன எழுத்து இருக்கிறது என்று செயலியைக் கேட்டறிந்து, அதைத் திருத்தவேண்டும். இல்லையென்றால் எழுத்துகளை அடிக்கோடிட்ட தற்காலிக நிலையில் சிறிதுநேரம் பிடித்துவைத்துப் பிறகு ஒப்படைக்கவேண்டும். முதல் வழிக்குச் செயலி தன் உரையைக் காட்ட ஒத்துழைக்கவேண்டும். ஒத்துழைக்காத செயலியில் புள்ளி விழாது. இரண்டாம் வழியில் வேறோர் ஆபத்து. தற்காலிக நிலையில் இருக்கும் எழுத்தை ஒப்படைப்பதற்குள் மவுஸை வேறிடத்தில் சொடுக்கினால் சில செயலிகளில் கடைசி எழுத்து மறைந்துபோகும். சிலவற்றில் புதிய இடத்துக்குப் போய் விழும்.

உள்ளீட்டு மென்பொருளோடு செயலி பேசவேண்டிய மொழியும் தளத்துக்குத் தளம் வேறு. விண்டோஸில் ஒன்று, மேக்கில் ஒன்று, லினக்ஸில் ஐபஸ் அல்லது ஃபெசிடெக்ஸ். லினக்ஸுக்குள்ளேயே பழைய எக்ஸ் முறைமைக்கு ஒரு வழி, புதிய வேலாண்டுக்கு வேறு வழி. வேலாண்டில் நேரடியாக ஓடும் எலக்ட்ரான் செயலிகளில் தமிழ் உள்ளீடு வேண்டுமானால் தனி ஆணைக் குறிப்பு ஒன்றைச் சேர்த்துத் திறக்கவேண்டிய நிலை சில ஆண்டுகள் இருந்தது. அதை அறியாதவர் ‘இதில் தமிழ் வராது’ என்று முடிவுகட்டி விலகிவிடுவார். விலகுபவர் வழுப் பதிவு எழுதுவதில்லை. அதனால் இக்குறை எண்ணிக்கையிலும் ஏறுவதில்லை.

நல்ல செய்தியும் உண்டு. லிப்ரேஆபீஸ் முன்பு ஒவ்வொரு தளத்திலும் எழுத்துகளைக் கோத்து அமைக்க வெவ்வேறு நிரலை நம்பியிருந்தது. 2017-இல் வந்த 5.3 பதிப்பு எல்லாத் தளங்களிலும் ஹார்ஃப்பஸ் என்ற ஒரே நிரலுக்கு மாறியது. ஒரே எழுத்துருவில் அமைத்த தமிழ்ப் பக்கம் தளம் மாறும்போது வரி உடைந்து அடுத்த பக்கத்துக்கு ஓடும் தொல்லை இதனால் பெரிதும் குறைந்தது. ஆவணத்தின் உள்ளடக்கம் எல்லாத் தளத்திலும் ஒன்றாக இருக்கவேண்டும், உள்ளிடும் முறை தளத்தைப் பின்பற்றவேண்டும் என்ற பாகுபாடு இங்கே தெளிவாகத் தெரிகிறது.

7. திரைவாசிப்பி

பார்வையற்றவருக்கு நடத்தைதான் முழு இடைமுகமும். பொத்தானைத் தானே வரையும் கருவித்தொகுப்பு, ‘இது பொத்தான், இதன் பெயர் இது’ என்று திரைவாசிப்பிக்குத் தனியே சொல்லவேண்டும். விண்டோஸின் என்விடிஏ, மேக்கின் வாய்ஸ்ஓவர், லினக்ஸின் ஓர்கா மூன்றும் மூன்று வேறு வழிகளில் கேட்கின்றன. ஒரு தளத்தில் பேசும் செயலி இன்னொன்றில் ஊமையாகிவிடுவது இதனால்தான். மற்றவருக்கு இது எரிச்சல். இவர்களுக்கு வேலையே நின்றுவிடும். முரண்களைத் திருத்தும் வரிசையில் இதை முதலில் வைக்கவேண்டும்.

8. மறுப்புகள்

ஒருமைப்பாடே இலக்கா என்று கேட்டவர்கள் உண்டு. ஜோனதன் க்ரூடின் 1989-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, பயனரின் வேலையைப் பார்க்காமல் ஒருமைப்பாட்டைத் துரத்துவது வடிவமைப்பைத் தவறான திசையில் இழுக்கும் என்று வாதிட்டது. அதை ஏற்கிறேன். அவர் சொல்வதன்படியே பார்த்தாலும் கேள்வி பயனரின் கையிலும் வேலையிலும் போய் நிற்கிறது. அதுவே இக்கட்டுரையின் நிலையும்.

இரண்டாவது மறுப்பு வலுவானது. அலுவலகத்தில் விண்டோஸ், வீட்டில் லினக்ஸ் என்று ஒரே செயலியை இரண்டிலும் பயன்படுத்துபவருக்கு, செயலி இரண்டிலும் ஒன்றுபோல் இருப்பதே உதவி. அவருக்காகத் தளத்தின் வழக்கத்தை மீறினால் என்ன? என் மறுமொழி இது: அவர் அந்தச் செயலியில் மட்டும் வாழ்வதில்லை. அந்தந்தக் கணினியில் மற்றச் செயலிகளும் திறந்திருக்கின்றன. ஹோம் விசையும் பொத்தான் வரிசையும் அவற்றோடு ஒத்துப்போகவேண்டும். அச்செயலிக்கே உரிய கருவிகள், அவற்றின் பெயர்கள், பட்டிகளின் அமைப்பு ஆகியவை செயலியோடு பயணம் செய்யட்டும்.

மூன்றாவது மறுப்பு, தளங்களே இன்று ஒழுங்காக இல்லை என்பது. இது உண்மை. விண்டோஸ் 8 காலம் முதல் கன்ட்ரோல் பேனலும் செட்டிங்ஸும் அருகருகே வாழ்கின்றன. விண்டோஸ் 11-இன் வலச்சொடுக்குப் பட்டியில் வெட்டு, நகலெடு போன்றவை படக்குறிகளாகி, பட்டி திறக்கும் இடத்தைப் பொறுத்து மேலேயோ கீழேயோ வருகின்றன. உபுண்டு 2010-இல் சாளரப் பொத்தான்களை இடப்பக்கம் மாற்றி 2017-இல் திரும்ப வலப்பக்கம் கொண்டுவந்தது. ஆனாலும் இம்மாற்றங்களில் பெரும்பாலானவை தோற்றத்திலும் இடத்திலும் நிகழ்ந்தவை. உரைப் பெட்டியின் அடிப்படை விதிகளைத் தளங்கள் நெடுங்காலமாகப் பெரிதும் காத்துவருகின்றன. பல தளச் செயலிகள் பற்றிக்கொள்ளத்தக்க உறுதியான தரை அங்கே இருக்கிறது.

9. எது தளத்துக்கு, எது செயலிக்கு

உரைத் திருத்தம், குறுக்குவிசைகள், கேள்விப் பெட்டியின் பொத்தான் வரிசை, கோப்புப் பெட்டி, உள்ளீட்டு முறை, திரைவாசிப்பித் தொடர்பு ஆகியவை தளத்துக்கு உரியவை. செயலி இவற்றில் தன் விருப்பத்தைத் திணிக்கக் கூடாது. எஞ்சியவை செயலிக்கு. இந்த எல்லையில் சில வழக்குகள் இழுபறியாகவே இருக்கும். அவற்றை எப்படித் தீர்ப்பது என்பதற்கு ஃபயர்ஃபாக்ஸ் நல்ல சான்று தருகிறது.

முகவரிப் பட்டையை ஒருமுறை சொடுக்கினால் விண்டோஸில் முழு முகவரியும் தேர்வாகும். லினக்ஸில் நெடுங்காலம் அப்படி ஆகவில்லை. காரணம் இருந்தது. லினக்ஸ் பயனர் வேறிடத்தில் ஒரு முகவரியைத் தேர்ந்தெடுத்து வைத்திருப்பார். நடுப் பொத்தானால் அதைப் பட்டையில் ஒட்ட வருவார். ஒரு சொடுக்கில் பட்டை முழுதும் தேர்வானால், அவர் தயாராக வைத்திருந்த தேர்வு அழிந்து, பழைய முகவரியே மறுபடி ஒட்டப்படும். 2020 ஏப்ரலில் வந்த 75-ஆம் பதிப்பு மற்றத் தளங்களின் நடத்தையை லினக்ஸுக்கும் கொண்டுவந்தது. ஆனால் ஒரு சொடுக்கால் தேர்வாகும் முகவரி நடுப் பொத்தானின் நகல் இடத்தைத் தொடாதபடி செய்தது. மும்முறை சொடுக்கினால் மட்டும் அங்கே போகும். பழக்கத்தின் வெளி வடிவம் மாறியது. அப்பழக்கம் காத்துவந்த வசதி பிழைத்தது. அதிருப்தி முழுதும் அடங்கவில்லை என்றாலும், காரணத்தைத் தேடிக் கண்டுபிடித்துச் செய்த மாற்றம் அது.

இத்தகைய காரணங்கள் ஆவணங்களில் எழுதிவைக்கப்பட்டிருப்பதில்லை. அந்தத் தளத்தில் தினமும் வேலை செய்கிறவர்களின் விரல்களில் இருக்கின்றன. எனவே மூன்று தளங்களுக்கும் வெளியிடும் குழு, ஒவ்வொரு தளத்திலும் அன்றாடம் வாழும் ஒருவரையாவது சோதனையில் சேர்க்கவேண்டும். அவர் பட்டியலை வைத்துச் சரிபார்க்க வேண்டியதில்லை. ஒரு பக்கம் எழுதட்டும், சொற்களை இருமுறை சொடுக்கி மாற்றட்டும், தமிழிலோ ஜப்பானியத்திலோ சில வரிகள் தட்டட்டும், சேமிக்காமல் மூட முயலட்டும், மவுஸைத் தொடாமல் அமைப்புகளைத் திறக்கட்டும். அவருடைய கை எங்கே தயங்கியது என்பதைப் பக்கத்தில் இருப்பவர் குறித்துக்கொள்ளட்டும். பயனர்களும் ‘சரியாக இல்லை’ என்று எழுதுவதை விட்டு, எந்தத் தளம், எந்தச் சூழல், எந்த விசை, என்ன எதிர்பார்த்தோம், என்ன நடந்தது, அதே தளத்தின் எந்தச் செயலியில் அது சரியாக நடக்கிறது என்று எழுதினால், அந்தப் பதிவை வைத்துக்கொண்டு ஒரு நிரலாளர் மறுநாள் காலையிலேயே வேலையைத் தொடங்கலாம்.